தெமோதரைப் பாலம்: கல்லும் கதையும்

கல்முனையின் பெயரில்தான் கல் இருக்கிறது. நிலத்திலே காண்பது மணலும் களிமண்ணுமே. கிழக்கே கடலும் மேற்கே வயலும், இரண்டுக்கும் இடையே ஆறும் களப்பும் வாய்க்காலுமாக அமைந்த எமது கரையோர மக்களுக்குப் பாலம் என்பது கண்டு களிக்கும் பொருளன்று. விதைப்புக்கும் அறுவடைக்கும், பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும், கல்யாணத்துக்கும் ஜனாஸாவுக்கும் கடந்தாக வேண்டிய ஒன்று அது. இத்தகைய கரையிலிருந்து எழுதும் நாம், தேயிலைச் சரிவுகளுக்கிடையே நிற்கும் ஒரு மலைநாட்டுப் பாலத்தை ஆராய முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் வழி ஒன்றே. கல்முனைப் பட்டினத்தின் நடுவே செல்லும் பெருந்தெரு அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று தெற்கே இறங்கி, லகுகலைக் காட்டை ஊடறுத்து, சியம்பலாண்டுவ, மொனராகலை ஊர்களைத் தொட்டு வெல்லவாயவை அடைகிறது. அங்கிருந்து மலையேறும் கிளைவீதி இராவணா நீர்வீழ்ச்சியைத் தாண்டி எல்ல என்னும் ஊருக்குக் கொண்டு சேர்க்கிறது. எமது பாடசாலைகள் மாணவரை மலைநாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் வழிகளுள் இதுவும் ஒன்று.

அவ்வாறு சென்ற குழுவொன்றில் நாமும் இருந்தோம். எல்லப் புகையிரத நிலையத்துக்கும் தெமோதரை நிலையத்துக்கும் இடையே, பள்ளமொன்றைக் கடந்து நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டதும் மாணவர் படம் பிடிப்பதில் மூழ்கினர். ஒரு மாணவி மட்டும் தூணின் அடியைச் சுற்றி வந்து, "சேர், இதக் கட்டின ஆக்கள்ட பேரு எங்கயாலும் எழுதிக் கிடக்கா?" என்று கேட்டார். வழிகாட்டியாக வந்தவர் உடனே ஒரு பெயரைச் சொன்னார். மாணவி ஆக்கள் என்று பன்மையிலே கேட்டிருந்தார். விடையோ ஒருமையில் வந்தது. இந்த வேறுபாடு எம்மை ஊர் திரும்பும் வரை விடவில்லை. இக்கட்டுரை அதிலிருந்து பிறந்தது.

பாலத்தை முதலிற் காண்போம். நீளம் 300 அடி. அகலம் 25 அடி. உயரம் 80 அடி. 1921ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. சிங்கள மக்கள் இதனை 'ஆருக்கு நவயே பாலம' என்பர். ஒன்பது வளைவுகளின் பாலம் என்பது பொருள். 'அஹஸ் நவயே பாலம' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஒருவருக்கு ஒவ்வொரு வளைவினூடாகவும் ஒரு துண்டு வானம் தெரியும். ஒன்பது வளைவுக்கும் ஒன்பது வானம். இப்பெயரைச் சூட்டியவர் மேலே புகையிரதப் பெட்டியில் அமர்ந்து சென்றவர் அல்லர். கீழே, மண்ணில் நின்று பார்த்தவர். பாலத்தைப் பற்றி எழுதப்பட்ட சுற்றுலாப் புகழுரைகள் பலவற்றிலும் மேலான விமரிசனம் இப்பெயரில் அடங்கியுள்ளது என்பது எமது துணிபு.

கட்டடக்கலை என்ற நோக்கில் இப்பாலத்தில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சிற்பமில்லை; கொடிக்கருக்கு வேலையில்லை; அரசமுத்திரை தாங்கிய தோரணமுமில்லை. அழகு முழுவதும் கணக்கிலிருந்து பிறந்தது. கல் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நீண்ட கற்பலகையொன்றை இரு தூண்களின்மேற் கிடத்திப் பாரம் ஏற்றினால் அதன் அடிப்புறம் இழுபட்டு வெடிக்கும். ஆகவேதான் பலகைக்கல் பரப்பிப் பாலம் அமைத்த பண்டையோர் தூண்களை நெருக்கி நட்டனர்; மிகிந்தலைக்கு அண்மையில் மகாகனதராவையில் எஞ்சியிருக்கும் பழங்கற்பாலம் இதற்குச் சான்று. வளைவு இச்சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. அங்கே ஒவ்வொரு கல்லும் தன் அயற்கல்லை நெருக்குகிறது, பாரம் கூடினால் நெருக்கமும் கூடுகிறது, இழுவைக்கு இடமேயில்லை. அதற்குக் கொடுக்கவேண்டிய விலை, வளைவு தன் இரு கால்களையும் வெளிநோக்கி உதைப்பது. ஒரே அளவான வளைவுகள் வரிசையாக நிற்கும்போது ஒன்றின் உதை அடுத்ததன் உதையோடு மோதி அடங்கும். ஆயின் புகையிரதம் ஒரு வளைவின் மேலேறி நிற்கும் கணத்தில் அடுத்த வளைவு வெறுமையாக இருக்கும். அவ்வேளை உதைகள் சமப்படா. அந்த ஏற்றத்தாழ்வைத் தூணே தன் பருமனால் ஏற்கவேண்டும். போதாக்குறைக்கு இப்பாலம் நேராகச் செல்லவில்லை. மலையின் மடிப்பைத் தழுவி வளைந்து செல்கிறது. வளைந்தோடும் வண்டி பாலத்தைப் பக்கவாட்டிலும் உந்தும். இவ்வளவையும் தாங்கும் தூண்கள் பார்வைக்குக் கனத்தவையாகத் தோன்றவில்லை என்பதே இக்கட்டடத்தின் வெற்றி.

கட்டி முடிந்த வளைவு தானே நிற்கும். கட்டி முடியும்வரையோ அது மரச்சாரத்தின்மேற் கிடக்கும் பாரமேயன்றி வேறில்லை. உச்சியில் கடைசிக் கல் இறுகும்வரை அதனைத் தாங்குவது மரமும் கயிறும் மனிதக் கையுமே. 80 அடி உயரத்தில் சாரம் கட்டியவர், சல்லி உடைத்தவர், சாந்து குழைத்தவர், சுமந்தேறியவர், வளைவு இறுகியதும் சாரத்தை இறக்கியவர் என்று எண்ணிப் பார்ப்பின், அம்மாணவி பன்மையில் கேட்டது இலக்கணப் பிழையன்று என்பது விளங்கும்.

இனி, வழிகாட்டி சொன்ன கதைக்கு வருவோம். பாலவேலை தொடங்கிய காலத்தில் முதலாம் உலகப்போர் மூண்டது; இதற்கென ஒதுக்கிய இரும்பு பிரித்தானியாவின் போர்த் தேவைக்குத் திருப்பப்பட்டது; வேலை நின்றது; அவ்வேளை அப்புஹாமி என்னும் உள்ளூர்க் கலைஞர் முன்வந்து, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுமே கொண்டு, ஒரு துண்டு இரும்பும் இன்றிப் பாலத்தைக் கட்டி முடித்தார்; வெள்ளைக்கார அதிகாரிகள் ஐயுற்றபோது, முதல் வண்டி ஓடும் நேரத்தில் பாலத்தின் கீழே தாம் படுத்திருப்பதாகச் சூளுரைத்தார். இதுவே ஊரெங்கும் வழங்கும் வரலாறு. கேட்பவர் நெஞ்சை நிறைக்கும் கதைதான். ஏகாதிபத்தியம் தன் போருக்காக இரும்பைப் பறித்துச் சென்றது, நம்மவர் தம் கைத்திறத்தால் அக்குறையை வென்றார் என்னும் பெருமிதம் இதில் ஒலிக்கிறது. அடிமைப்பட்ட நாட்டு மக்கள் இத்தகைய கதைகளைப் படைப்பது இயல்பு. அதனை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று.

எனினும் கதையைக் கதையாகவும் சான்றைச் சான்றாகவும் கொள்வதே விமரிசனத்தின் கடமை. இலங்கைப் பொறியியற் சங்கம் 1923இல் வெளியிட்ட அறிக்கையொன்று, வரைபடங்களோடு இப்பாலத்தின் கட்டுமானத்தை விவரிக்கிறது. அதன் தலைப்பே இதனைக் கொங்கிறீற்றுப் புகையிரதப் பாலம் என்றுதான் குறிக்கிறது. வடிவமைப்புக்கும் வேலை நிருவாகத்துக்கும் பொறுப்பாயிருந்தவர் இலங்கை அரசாங்கப் புகையிரதத்தின் நிருமாணப் பகுதியைச் சேர்ந்த ஹரல்ட் கத்பெர்ட் மார்வுட் என்னும் பொறியியலாளர். கொங்கிறீற்று என்பதும் முற்றிலும் அந்நியமான பொருளன்று. உடைத்த கருங்கல்லைச் சீமெந்தினால் மீண்டும் ஒன்றாக்கிய செயற்கைக் கல் அது. அவ்வகையில் கற்பாலம் என்னும் வழக்கு பாதி உண்மை. ஆனால் இரும்பின்மையை அற்புதமாகக் கூறும் பகுதி ஆராய்ச்சியில் நிலைக்காது. வளைவுக்கு இரும்பு வேண்டுவதில்லை என்பதை மேலே கண்டோம். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1897க்கும் 1901க்கும் இடையில், ஸ்கொட்லாந்தின் கிளென்ஃபினன் பள்ளத்தாக்கில் 21 வளைவுகள் கொண்ட, வளைந்து செல்லும் புகையிரதப் பாலம் இரும்பூட்டாத வெறுங் கொங்கிறீற்றிலேயே கட்டப்பட்டுவிட்டது. அதனைக் கட்டிய குத்தகைக்காரர் ரொபட் மக்கல்பைனுக்குக் 'கொங்கிறீற்று பொப்' என்ற பட்டப்பெயரே நிலைத்தது. தெமோதரை அப்பாணியின் இளைய உறவு.

இன்னுமொன்று. இரும்பு கப்பலில் வரவேண்டிய பொருள், சீமெந்து நம் நாட்டுப் பொருள் என்ற எண்ணம் இக்கதைக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. இலங்கையில் சீமெந்து ஆலை காங்கேசன்துறையில் நிறுவப்பட்டது 1950இல். 1921இன் சீமெந்தும் கப்பலேறி வந்ததே. உள்ளூருக்கு உரியவையாக அங்கு இருந்தவை கல்லும் மணலும் மரமும் நீரும், இவற்றோடு மனித உழைப்பும்.

கதையை மறுத்துவிட்டால் மார்வுட் என்னும் ஆங்கிலப் பெயர் மட்டுமே எஞ்சும், அப்புஹாமியின் பெயரையும் பறித்து வெள்ளையனுக்கே மகுடம் சூட்டுகிறீர்கள் என்று நண்பர் ஒருவர் எம்மிடம் வாதிட்டார். அவருடைய கோபம் நியாயமானது, முடிவு நியாயமானதன்று. மார்வுடின் வரைபடம் இல்லாமல் பாலம் எழுந்திராது. வரைபடத்தை மலைச்சரிவில் கல்லாக மாற்றத் தெரிந்த உள்ளூர் மேசன்மாரும் மேற்பார்வையாளரும் இல்லாமலும் எழுந்திராது. அப்புஹாமி அத்தகையோரின் முகமாக மக்கள் நினைவில் நிற்கிறார் என்றே நாம் கொள்கிறோம். எமது வழக்கு அப்புஹாமியோடன்று. ஒரு பெயரோடு கணக்கை முடித்துவிடும் பழக்கத்தோடு. மன்னனைப் பாடிய காலத்தில் மன்னன் குளம் வெட்டினான் என்றோம். மன்னர் போனபின் ஒரு மேதையைத் தேடிப் பிடித்து அவன் தலையில் மகுடத்தை வைக்கிறோம். மண்சுமந்தவனுக்கு அப்போதும் இடமில்லை, இப்போதும் இடமில்லை.

அதே பாதையில் சிறிது தூரத்திலுள்ள தெமோதரை நிலையத்தைப் பற்றி வழங்கும் கதை இதனை மேலும் தெளிவாக்கும். அங்கே இருப்புப்பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தான் கடந்த நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தினுள் நுழைகிறது. செங்குத்தான இறக்கத்தைச் சமாளிக்க இந்த உபாயம் எவ்வாறு தோன்றியது? தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றுவதைக் கண்ட பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு அக்கருத்துப் பிறந்தது என்பர். விமலசுரேந்திர பெயருடன் நினைவில் நிற்கிறார். தலைப்பாகைக்காரர் கங்காணி மட்டுமே. கற்பனையில் பிறந்த கதையிற்கூட அவருக்கு ஒரு பெயர் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. தலைப்பாகை தமிழ்த் தொழிலாளருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதையும் இங்கு நினைவுகொள்ளல் வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் புகையிரதம் வந்தது கோப்பிக்காக. கோப்பிச் செடியை நோய் அழித்தபின் பாதை தேயிலையைத் தேடி மேலேறிற்று. நானுஓயாவை 1885இலும் பண்டாரவளையை 1894இலும் அடைந்த அது, பதுளையைத் தொட மேலும் முப்பது ஆண்டு பிடித்து 1924இலேதான் முடிவெய்திற்று. இந்நாட்டின் வீதிகளையும் இருப்புப்பாதைகளையும் அமைத்த உழைப்பில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது என்பது அறிஞர் ஒப்பிய உண்மை. சிங்களக் கிராமத்தவரின் வியர்வையும் அதில் கலந்துள்ளது. அப்புஹாமியின் கதையே அதற்குச் சாட்சி. தொழிலாளியைக் கடனால் கட்டி, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது பாலம் நிறைவெய்திய அதே 1921இல். பாலத்தின் படத்தில் பின்னணியாக விழும் பசுஞ்சரிவு இயற்கையின் கொடை அன்று என்பதை இவ்வாண்டு எமக்கு நினைவூட்டுகிறது. நூறாண்டு கழித்து, 2021இல், அச்சரிவுகளில் கொழுந்து பறிப்போரின் நாட்சம்பளத்தை ஆயிரம் ரூபாவாக்கும் கோரிக்கை நெடிய போராட்டத்தின் பின் சம்பளச் சபையின் வழியாக ஏற்கப்பட்டது. பாலத்துக்கு நூற்றாண்டு நிறைந்த ஆண்டும் அதுவே.

பாலத்தின் வரலாற்றில் நாம் மிகுந்த கவனத்தோடு நிற்கவேண்டிய இடம் இதற்குப் பின்னரே வருகிறது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்று இரு அரசுகளும் மனிதரைப் பங்கிட்டன. எஞ்சியோரும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வாறு அனுப்பப்பட்டவர்கள் தலைமன்னார் இறங்குதுறையை நோக்கிப் புகையிரதத்தில் புறப்பட்டனர். மேடையில் நின்றோரும் பெட்டிக்குள் இருந்தோரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கதறியமையால் மலையக மக்கள் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். பதுளையிலும் தெமோதரையிலும் ஏறியவர்கள் இந்த ஒன்பது வளைவுகளையும் கடந்தே சென்றிருக்கின்றனர். தம் முன்னோர் நட்ட தேயிலையைச் சன்னல்வழி கடைசியாகப் பார்த்தது பலருக்கு இவ்விடமாகவே இருந்திருக்கும்.

மேலே ஒப்பாரி, கீழே ஒன்பது வானம். ஆனால் இன்று இப்பாலத்தைப் பற்றிச் சொல்லப்படும் எந்தச் சுற்றுலாக் கதையிலும் ஒப்பாரிக் கோச்சி ஓடுவதில்லை. படங்களிலே வண்டி வருகிறது. புகைப்படக்காரர் காத்திருந்து பிடித்த வண்டி. அப்படத்தில் லயன்காம்பரா விழாதவாறு பார்த்துக்கொள்ளப்படுகிறது. நாம் புகைப்படக்காரரைக் குறைசொல்லவில்லை. அழகிய காட்சியை அழகாகக் காட்டுவது அவர் தொழில். மரபுரிமை என்று பெயர் சூட்டி அக்காட்சியைப் பாடமாகக் கற்பிக்கும் எம்போன்ற ஆசிரியர்களே இதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள்.

மரபுரிமை என்னும் சொல்லைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட நினைவுச்சின்னங்களையே புராதனச் சின்னம் என்று வரையறுத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள் அது. அதற்குப் பிற்பட்டவை காக்கப்பட வேண்டுமாயின் தனியே பிரகடனம் வேண்டும். மலையகத் தமிழரின் இலங்கை வரலாறு 1820களில் தொடங்குகிறது. எனவே அம்மக்கள் வெட்டிய பாதை, கட்டிய மதகு, வாழ்ந்த லயன், புதைந்த மண் யாவும் சட்டத்தின் கோட்டுக்கு இப்பாலேயே விழுகின்றன. ஒரு தேதி யாரையும் பெயர் சொல்லி விலக்குவதில்லை. ஆயினும் ஒரு முழு மக்கட்பிரிவும் அதற்கு வெளியே நிற்க நேர்கிறது. 2023இல் மலையக மக்கள் தமது இருநூறாண்டை நினைவுகூர்ந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாக நடந்தனர். கட்டடம் இல்லாதவர்கள் பாதையையே நினைவுச்சின்னமாக்கினர்.

எமது கரையோரத்திலோ அதே சொல் வேறொரு நடுக்கத்தோடு கேட்கப்படுகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்யவென ஜனாதிபதி செயலணியொன்று பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில் அமைக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழருமில்லை, ஒரு முஸ்லிமுமில்லை. வயலோரத்தில் எல்லைக்கல் நட்டால் எமது உழவன் முதலில் உறுதிப்பத்திரத்தைத் தேடி வீட்டுக்கு ஓடுகிறான். தொல்பொருளைப் பேணுவதை எதிர்ப்பவர் அல்லர் நாம். தீகவாபியும் இந்நாட்டின் செல்வம். பாடசாலைப் பிள்ளைகள் அதனைக் காணவேண்டும். ஆனால் பழமையை நிலப்பத்திரமாக வாசிக்கும் பழக்கம் வேரூன்றிய நாட்டில், தெமோதரைப் பாலம்போன்ற ஒரு பொருள் ஏன் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. அதனை எந்த இனமும் தனக்கே உரியது என்று வாசிக்க இயலாது. ஆங்கிலேயரின் கணக்கு, சிங்களக் கிராமத்தவரின் கைத்திறம், தமிழ்த் தொழிலாளரின் முதுகு, கப்பலில் வந்த சீமெந்து, மலையில் உடைத்த கல். அப்புஹாமி கதை இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து மற்றவற்றை மறைப்பதனாலேயே நாம் அதனோடு இவ்வளவு நேரம் மல்லாடினோம்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வருவோர் கல்லடிப் பாலத்தை அறிவர். 1924இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மன்னிங்கின் மனைவியின் பெயர் சூட்டப்பட்டது. 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது இடிக்கப்படாமல் நிற்கிறது. அதனை விட்டுவைத்தமை நல்ல செயல். ஆயினும் பாலத்தின் பெயர் ஆளுநர் வீட்டைத் தாண்டி இன்னும் வெளியே வரவில்லை. தெமோதரையின் வளைவுக்கும் கல்லடியின் இரும்புச் சட்டத்துக்கும் உள்ள வேற்றுமை பொறியியல் மாணவருக்குச் சிறந்த பாடமாகும்: இரும்புப் பாலம் இழுவையையும் தாங்கும், ஆயின் களப்பின் உப்புக்காற்று அதனை நாளும் அரிக்கும், வண்ணம் பூசும் கையும் துருச்சுரண்டும் கையும் ஓய்ந்தால் அது மடியும். வளைவுப் பாலம் பொறுமையாக நிற்கும்.

கல்லடியாவது பாலம். கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கியில் இருப்பது தாம்போதி. வாடைக்கால மழையில் ஆண்டுதோறும் வெள்ளம் அதன்மேற் பாய்கிறது. அவ்வேளை ஆசிரியரும் மாணவரும் நோயாளரும் கூலிவேலைக்குச் செல்வோரும் முழங்கால் நீரில் இறங்கியோ உழவு இயந்திரத்தில் ஏறியோ கடக்கின்றனர். 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே, வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. மாணவர் பலரின் ஜனாஸாக்களை நாட்கணக்கில் தேடி எடுக்க நேர்ந்தது. அவர்கள் படித்த வாங்குகளை அறிந்த ஆசிரியர்கள் இதனை வாசிக்கக்கூடும். ஆகவே இதற்குமேல் விவரியோம்.

தாம்போதியை மரபுரிமை என்று எவரும் சொல்லார். அது படத்துக்கு அழகன்று. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. தேயிலைப் பெட்டி கீழிறங்குவதற்காக, ஆளரவம் குறைந்த ஒரு மலைப்பள்ளத்தின்மேல், நூறாண்டு கடந்தும் நிலைக்கத்தக்க பாலத்தை 1921இல் கட்ட முடிந்தது. இரும்பு இல்லாவிட்டாலும் கட்ட முடியும் என்பதைத்தான் ஊர்க்கதையும் கொண்டாடுகிறது. கையும் கல்லும் கணக்கும் அன்று இருந்தன, இன்றும் இருக்கின்றன. அன்று ஏகாதிபத்தியத்தின் இலாபம் பாலத்தைக் கேட்டது, பாலம் எழுந்தது. கிட்டங்கியில் கேட்பவர் மக்கள். பாலத்தின் கட்டடக்கலையைப் பாராட்டும் எவரும் இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு வளைவின் எழிலை மட்டும் பேசுவாராயின், அவர் பாலத்தின் பாதியையே பார்த்தவராவார்.

தெமோதரையில் செய்யத்தக்கவை பெரிய செலவில்லாதவை. 1923இன் அறிக்கை சிங்களத்திலும் தமிழிலும் வரவேண்டும். பொறியியல் பயிலும் எமது மாணவர் இருவர் மூவர் கூடினால் ஒரு விடுமுறையில் அதன் தமிழாக்கத்தை முடிக்கலாம். ஒப்பாரிக் கோச்சியில் உறவினரை ஏற்றிவிட்டு மேடையில் நின்ற முதியோர் எல்ல, தெமோதரை, ஹாலிஎல தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர். அன்று சிறுவராயிருந்தவர்களின் நினைவு இன்னும் சில ஆண்டுகளுக்கே கிடைக்கும். அதனைக் கேட்டு எழுதும் பொறுப்பை மலையகத்து ஆசிரியர் மட்டுமே சுமக்கவேண்டும் என்பதில்லை. எமது பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் பேருந்து அங்கே போகிறது. படம் பிடிக்கும் நேரத்தில் பாதியைக் குறிப்பேட்டுக்குக் கொடுத்தாலே போதும்.

அந்த மாணவி இப்போது கிட்டங்கியைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார். தாம்போதிக்கு முன் அங்கே எப்படிக் கடந்தார்கள் என்று தம் உம்மம்மாவிடமும், நாவிதன்வெளியிலிருந்து வரும் தோழியின் அம்மம்மாவிடமும் கேட்டு, இரு முதியவரும் சொன்னவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார். தோணிக்காரரின் பெயர் இரண்டு பக்கங்களிலும் வேறுவேறாக இருக்கிறது. எது சரி என்று அவர் எம்மிடம் கேட்டார். இரண்டையும் எழுதும்படி சொன்னோம்.